பீலியை அடைத்தவள்

அவளுடைய பெயரைப் போட்டு எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. கம்பஸ் ஹொஸ்டலில் நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயரைப் போட்டால் அதைவிடப் பிடிக்காது. ‘மீட்டர்’ என்பதுதான் அந்தப் பெயர். தண்ணீர்க் குழாயில் பொருத்தியிருப்பார்களே, யார் திறந்தாலும் உள்ளே சில்லு சுற்றத் தொடங்கிவிடுமே, அந்த மீட்டர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க எனக்கு இப்போதும் பயம்தான்.

நானும் அவளும் ஒரே அறை. அவள் எங்களுக்கு முந்திய பட்ச்சில் இருந்தவள். கடைசி வருடத்தில் அம்மா மாதக்கணக்காக ஆஸ்பத்திரியில் கிடந்ததால் பின்தங்கி எங்களோடு வந்து சேர்ந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் அடித்துப் போட்ட மாதிரித் தூங்குவாள். பக்கத்து அறையில் கூத்தடித்தாலும் அசையமாட்டாள். ஆனால் நடையின் கடைசியில் இருக்கும் பாத்ரூமில் ஒரு பைப் சொட்டினால் போதும், எழும்பி உட்கார்ந்துவிடுவாள்.

“ஆரோ பைப்பை வடிவாப் பூட்டேல்லை.”

“விடப்பா. அதுக்கு வாசர் தேஞ்சு போச்சு. நாளைக்கு ஆள் வரும்.”

“அப்ப நாளைக்கு வரைக்கும் அது சொட்டிக்கொண்டே இருக்கிறதோ?”

போய்விடுவாள். போய், பைப்பின் வாயில் ஒரு நூலைக் கட்டி நுனியை வாளிக்குள் விட்டுவிட்டு வருவாள். சொட்டெல்லாம் நூல் வழியாகச் சத்தமில்லாமல் இறங்கும். அந்த வாளித் தண்ணீரில்தான் மறுநாள் எங்கள் அறை கழுவப்படும். கழுவிய தண்ணீர் முற்றத்துக் கறிவேப்பிலைக்குப் போகும். அந்தக் கறிவேப்பிலை மட்டும் பேச முடிந்தால் ஹொஸ்டலில் அவளுக்கு என்னைத் தவிர ஒரு சிநேகிதியாவது இருந்திருப்பாள்.

ஏனென்றால் மற்றவர்களுக்கு அவளைப் பிடிக்காது. பல் தீட்டும்போது பின்னால் வந்து நிற்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். கையை நீட்டி உங்கள் பைப்பைப் பூட்டிவிட்டுப் போவாள். ஒருநாள் ஒரு ஜூனியர் பிள்ளை ஷவரைத் திறந்துவிட்டு, தலை நிறைய ஷம்புவோடு ஃபோனில் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு நின்றிருக்கிறாள். திடீரென்று தண்ணீர் நின்றது. வெளியே மெயின் வால்வுக்குப் பக்கத்தில் இவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

“அக்கா, தண்ணி! கண் எரியுது!”

“பாட்டு முடிஞ்சிட்டுதோ?”

“முடிஞ்சுதக்கா! முடிஞ்சுது!”

“அப்ப இனிக் குளிக்கலாம்” என்று வால்வைத் திறந்துவிட்டாள். இவள் ஹொஸ்டலை விட்டுப் போகும்வரை அந்தப் பிள்ளை இவளோடு கதைக்கவில்லை. நான் அந்தப் பிள்ளையின் கட்சி. நேரம் வரும்போது இவளிடம் அதைச் சொல்லியும் இருக்கிறேன்.

எங்கள் வீடு சுன்னாகத்துக்குப் பக்கத்தில். அப்பா வெங்காயத் தோட்டக்காரர். ஒரு சனிக்கிழமை அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா மோட்டரைப் போட்டுவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் யாரோடோ கதை. வாய்க்கால் ஓரிடத்தில் உடைந்து தண்ணீர் தெரு ஒழுங்கைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அதை ஒரு விசயமாக யாரும் எடுப்பதில்லை. இவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுச் சுரிதாரோடு சேற்றில் குந்தியிருந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி உடைப்பை அடைத்தாள். அப்பா ஓடிவந்தார்.

“ஆர் பிள்ளை நீர்? தோட்டக்காரரின்ரை மகளோ?”

“இல்லை மாமா. பருத்தித்துறைப் பக்கம். கடற்கரை.”

“நீர் இங்கை நில்லும் பிள்ளை. இவள் கம்பஸுக்குப் போகட்டும்” என்று அப்பா என்னைக் காட்டிச் சொன்னார். அவருக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

சாப்பிடும்போது அவள் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “உங்கடை வெங்காயம் குடிக்கிற மாதிரி எங்கடை வீட்டிலை மனிசர் குடிக்கிறேல்லையடி.” குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. ஆனாலும் ஏதோ நாங்கள் களவெடுத்த தண்ணீர் மாதிரி எனக்குப் பட்டது. கோபம் வந்தது. சாப்பாட்டில் வைத்து என்ன சண்டை என்று விட்டுவிட்டேன்.

அவள் வீட்டுக் கிணறு உப்பு. “எங்கடை கிணத்துத் தண்ணியிலை சோறு காச்சினா உப்புப் போடத் தேவையில்லை” என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். பிரதேச சபையின் தண்ணீர் பவுசர் லொறி வரும் நாளில் ஒழுங்கை முகப்பில் பரல்களும் கான்களும் வரிசையாக நிற்கும். பவுசர் வராத கிழமையில் குடிதண்ணீரைக் கடையில் வாங்கவேண்டும். அப்பா இல்லை. அம்மா கருவாடு காயப்போட்டு விற்கிறவ. பள்ளிக்கூடம் போகும் வயதில் இவளுடைய முதல் வேலை பவுசரின் ஹோர்ன் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பதுதான். அந்தக் காதைத்தான் அவள் ஹொஸ்டலுக்கும் கொண்டு வந்திருந்தாள்.

கடைசி வருடத்துக் கம்பஸ் விடுமுறையில் எங்கள் பாடத்துக்கு மலையில் ஒரு சுற்றாடல் களப்பயிற்சி உண்டு. அதை முடிக்காமல் டிகிரி கிடையாது. இவள் முந்திய முறை தவறவிட்டது இதைத்தான். இந்த முறையும் தவறினால் இன்னொரு வருடம் காத்திருக்கவேண்டும். அம்மாவுக்கு அந்த ஒரு வருடத்துக்கு உடம்பில் தெம்பு இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. “இந்த வருசத்தோடை முடிச்சிடுவியே பிள்ளை?” என்று ஃபோன் எடுக்கும்போதெல்லாம் கேட்பா. “ஓமம்மா, முடிச்சிடுவன்” என்று இவளும் ஒவ்வொரு முறையும் சொல்வாள்.

எங்களில் முக்கால்வாசிப் பேர் அதற்கு முன் மலையைக் கண்டதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏறி நிற்க ஒரு குன்று கிடையாது, இறங்கி நிற்க ஒரு ஆறு கிடையாது. பஸ் மாத்தளையைத் தாண்டி மேலே ஏற ஏறப் பிள்ளைகள் எல்லாரும் கூவத் தொடங்கிவிட்டார்கள். முதல் நீர்வீழ்ச்சியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லாரும் செல்ஃபி எடுத்தோம். இவள் மட்டும் மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் விழுவதைப் பார்த்தபடி நின்றாள். ஹோர்ன் அடித்தும் வரவில்லை. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

“எடி, இது இரவிலையும் ஓடுமோ?” என்று கேட்டாள்.

பகிடி விடுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

நாங்கள் தங்கியது ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய பங்களாவில். கூட்டிக்கொண்டு போன மிஸ் யாழ்ப்பாணம் டவுன் ஆள். கண்டிப்பானவ, ஆனால் வஞ்சகம் இல்லாதவ. தோட்டத்துத் துரை தயவு பண்ணித்தான் இடம் தந்திருந்தார். மிஸ் பஸ்ஸுக்குள்ளேயே எழும்பி நின்று சொல்லிவிட்டா: “பிள்ளையள், பங்களாவுக்குக் கீழை லயத்திலை இருக்கிறது தோட்டத்து ஆக்கள். கஷ்டப்பட்ட சனம். அவைக்கு எங்களாலை ஒரு கரைச்சலும் வரப்படாது. ஆரைப் பற்றியும் முறைப்பாடு வந்துதோ, அடுத்த பஸ்ஸிலை வீட்டை அனுப்பிப்போடுவன். பிறகு அழுதுகொண்டு வந்து நிக்கக்கூடாது.”

காலையில் ஓடைக்குப் போவோம். வலையைப் பிடித்துக்கொண்டு கற்களைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைத் தட்டில் போட்டு, எது எதுவென்று பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரில் விடவேண்டும். காட்டுக்குள் ஓடும் இடத்தில் என்ன இருக்கிறது, தோட்டத்தைத் தாண்டிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் பயிற்சி. அட்டைக் கடிக்கு அலறாமல் நின்று வேலை செய்தவள் இவள் ஒருத்திதான். முழங்கால் அளவு குளிர் தண்ணீரில், உதடு நீலமாகிப் போயும், கரையேற மனமில்லாமல் நின்றாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிரச்சினை பங்களாவின் பின்பக்கத்தில் இருந்தது. அங்கே ஒரு பீலி. மேலே ஊற்று வாயிலிருந்து கறுத்தக் குழாயில் தண்ணீரை இறக்கி, ஒரு கிளையைப் பங்களாவுக்கும் மற்றதைக் கீழே லயத்து வரிசை வீடுகளுக்கும் விட்டிருந்தார்கள். அதற்குத் திருகு இல்லை, வால்வு இல்லை, ஒன்றும் இல்லை. குழாயின் வாய் திறந்தபடி இருக்கும். தண்ணீர் தொட்டிக்குள் விழுந்து, தொட்டி நிரம்பி, வடிகானில் இறங்கி, பள்ளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். அங்கத்தைய ஆட்களுக்குத் தண்ணீர் என்றால் அப்படித்தான். சொட்டுச் சத்தத்துக்கே எழும்புகிறவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் நாள் போய் வாளியை வைத்தாள். வாளி நிரம்பியது. அடுத்த வாளியை வைத்தாள். பங்களாவில் இருந்த வாளி, சட்டி, கேத்தில் எல்லாம் நிரம்பியது. வருடா வருடம் கம்பஸிலிருந்து சமைக்க வரும் அண்ணை வந்து, “எங்கை பிள்ளை என்ரை தாச்சி?” என்று தேடினார். தாச்சியும் நிரம்பியிருந்தது.

“இதைப் பூட்டுறது எங்கையண்ணை?”

“உதைப் பூட்டுறேல்லை பிள்ளை. உது ஓடும்.”

“ஒருத்தரும் பாவிக்காத நேரமும் ஓடுமோ?”

“ஓம்.”

மூன்றாம் நாள் மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, அவள் ஒரு கொய்யாத் தடியைச் செதுக்கி, ஷொப்பிங் பையைச் சுற்றி, பீலியின் வாய்க்குள் வைத்துக் கல்லால் அடித்து இறுக்கினாள். நான் பக்கத்தில் கால் கழுவ வந்து நின்றேன். தண்ணீர் நின்றதும் அந்த மலைப்பக்கம் முழுவதுமே சத்தம் இல்லாமல் போய்விட்ட மாதிரி இருந்தது. அவள் கையை உதறிக்கொண்டு, “விடியப் புடுங்கி விடுவம்” என்றாள். அவளுடைய முகத்தில் பெரிய ஒரு நிம்மதி. எனக்கும் அதில் பிழையாக எதுவும் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தாள் ஒருத்திக்கு எப்படித் தெரியும்?

விடியற்காலை நாங்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, லயத்திலிருந்து ஒரு அக்கா வெறும் குடத்தோடு மேலே வந்தா. கொழுந்து பறிக்கப் போகும் கோலம், இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றியிருந்தா.

“இங்க தண்ணி வருதுங்களா? எங்களுக்கு ராவுல இருந்தே வரலங்க. வேலைக்குப் போகணும், புள்ளைங்க ஸ்கூலுக்குப் போகணும், ஒரு சொட்டுத் தண்ணி இல்ல.”

சொல்லிக்கொண்டே பீலிப் பக்கம் பார்த்தா. தடியைக் கண்டா.

“பீலிய அடைச்சா தண்ணி எங்கங்க போகும்?” என்றா.

எங்கே போனது என்பது பிறகு தெரிந்தது. பங்களாவுக்கும் லயத்துக்கும் குழாய் பிரியும் இடத்தில் மூட்டுப் பழசு, சைக்கிள் டியூப்பால் கட்டி வைத்திருந்தது. ஒரு பக்கம் அடைபட்டதும் அந்த மூட்டு வெடித்துக் கழன்று, தண்ணீர் முழுவதும் காட்டுக்குள் கொட்டியிருந்தது. புது மூட்டு மாத்தளையிலிருந்து வரவேண்டும். பின்னேரம் வரை தண்ணீர் இல்லை.

மிஸ் எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தினா. “ஆர் உதை அடைச்சது?”

சும்மா நின்றிருக்கலாம். எனக்கு மட்டும்தான் தெரியும், நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். பழைய குழாய்தானே, வெடித்தது என்று போயிருக்கும். ஆனால் மிஸ் கேட்டு முடிக்கும் முன்பே அவள் முன்னால் போய் நின்றாள்.

“நான்தான் மிஸ். தண்ணி வீணாப் போகுது எண்டு...”

“வீணாப் போகுது!” என்று மிஸ் திருப்பிச் சொன்னா. “நான் பஸ்ஸிலை என்ன சொன்னனான்? ஒரு லயம் முழுக்க இண்டைக்குத் தண்ணி இல்லாமல் நிக்குது. நாளைக்குக் காலமை முதல் பஸ்ஸிலை நீர் வீட்டை போம்.”

“மிஸ், எனக்கு இது ரெண்டாந்தரம்...”

“தெரியும். தெரிஞ்சுதான் சொல்லுறன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தாலாவது எனக்கு ஆறுதல் சொல்ல ஒரு வழி இருந்திருக்கும். உள்ளே போய் இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினாள். நானும் பின்னால் ஓடினேன். லயத்து வாசலில் நின்று, “நான்தான் அடைச்சனான். தெரியாமல் செய்துபோட்டன். தண்ணி வாறவரைக்கும் நான் கொண்டுவந்து தாறன்” என்றாள். ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அது நியாயம்தான்.

ஓடை பள்ளத்தில். இறங்குவது சுகம், ஏறுவதுதான் உயிர் போகும் வேலை. நான் கொஞ்ச நேரத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு கல்லில் குந்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. வாளித் தண்ணீரின் மேல் ஒரு அகன்ற இலையைப் பறித்துப் போட்டுக்கொண்டு ஏறினாள். இலை மிதந்தால் தண்ணீர் தளும்பாது. அவ்வளவு செங்குத்தில் ஒரு துளி சிந்தாமல் கொண்டுபோய், வாசலில் இருந்த குடத்தில் ஊற்றினாள். பிறகு அடுத்த வாசல். கதவைச் சாத்திய வீட்டு வாசலிலும் ஒரு குடம் இருந்தது, அதற்கும் ஊற்றினாள். மத்தியானம் அந்தக் கதவு திறந்து, சின்னப் பிள்ளையொன்று அவளுக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுத்தது. வாங்கித் தின்றுகொண்டே இறங்கினாள். அவளை நினைத்து எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பின்னேரம் மூட்டு வந்து, குழாய் கட்டித் தண்ணீர் வந்த பிறகு, அந்தப் படங்கு கட்டிய அக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு பங்களாவுக்கு ஏறி வந்தார்கள். மிஸ் பயந்தே போனா. துரையிடம் போகமுன் இங்கே வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கவேண்டும்.

“மேடம், அந்தப் புள்ளைய ஊருக்கு அனுப்பப் போறீங்கன்னு சொன்னாங்க.”

“ஓமம்மா. உங்களுக்கு நடந்த கரைச்சலுக்கு...”

“தண்ணி நின்னது எங்களுக்குத்தானேங்க? நாங்க ஒண்ணும் சொல்லலையே.”

மிஸ் வாங்கைக் காட்டி இருக்கச் சொன்னா. யாரும் இருக்கவில்லை.

“காலையில கோவம்தாங்க. இல்லன்னு சொல்லல. அப்புறம் அதுகிட்ட கேட்டேன், ஏம்மா அடைச்சேன்னு. ஒங்க ஊர்ல ஆறே இல்லையாமே? குடிக்கிற தண்ணிய லொறியில கொண்டாந்து அளந்து ஊத்துவாங்களாமே? கெணத்துல உப்பாமே?” அந்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாவங்க. என்னா ஊருங்க அது? அந்தப் புள்ளைக்கு எப்படிங்க தெரியும்? இருந்துட்டுப் போகட்டும் மேடம்.”

கஷ்டப்பட்ட சனம், பார்த்து நடவுங்கோ என்று எங்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டு வந்த மிஸ்ஸின் முகத்தை அப்போது பார்த்திருக்கவேண்டும். யாழ்ப்பாணத்தைப் பார்த்து ஒருவர் ‘பாவம்’ என்று சொல்லி அவவும் கேட்டிருக்கமாட்டா, நாங்களும் கேட்டிருக்கமாட்டோம். எனக்குச் சிரிப்பு வந்தது.

“சரி, நிக்கட்டும்” என்றா மிஸ் கடைசியில். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்து, “ஆனா வீட்டை போகும்வரைக்கும் நீர் அந்தப் பீலிக்குக் கிட்டப் போகக்கூடாது. வேற ஆரும் தண்ணி அள்ளித் தருவினம்” என்றா. மிச்ச நாள் முழுவதும் அவளுக்கு அள்ளிக் கொடுத்தது நான். அரை வாளிக்கு மேல் கொண்டுபோனால் எனக்கு ஏச்சு விழும்.

புறப்படும் நாளில் லயத்துப் பெண்கள் ஒரு பெரிய சோடாப் போத்தலைக் கழுவி, ஊற்று வாயிலேயே பிடித்த தண்ணீரை நிரப்பிக் கொண்டுவந்து, “அம்மாவுக்குக் குடும்மா” என்று கொடுத்தார்கள். அவள் அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வவுனியா தாண்டியதும் வெக்கை. என்னுடைய போத்தல் முடிந்துவிட்டது. “ஒரு மிடறு தாவன்டி” என்று கெஞ்சினேன். “கடையிலை வேண்டிக் குடி” என்றாள். அவ்வளவு செய்தேனே, இப்படியும் ஒரு பிறவியா என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரிசல்ட் வந்ததும் அவளுடைய வீட்டுக்குப் போனேன். பாஸ். நல்ல பாஸ். கருவாட்டுப் பாயை மடித்து வைத்துவிட்டு அவளுடைய அம்மா என்னைக் கட்டிக் கொஞ்சினா. உடனேயே முறைப்பாடும் தொடங்கியது.

“பிள்ளை, நீயே கேள் இந்தக் கொடுமையை. மலையிலை இருந்து தண்ணி கொண்டு வந்தவள். எனக்கு ஒரு கிளாஸ் தந்தாள். தேன் மாதிரிக் கிடந்தது. அடுத்த நாள் கேட்டால், மிச்சத்தைக் கிணத்துக்கை ஊத்திப்போட்டன் எண்டு சொல்லுறாள். அந்த உப்புக் கிணத்துக்கை!”

நான் அவளைப் பார்த்தேன். ஷம்புத் தலையோடு ஒருத்தியை நிற்கவைத்தவள். எனக்கு ஒரு மிடறு தர மறுத்தவள்.

“நீயோடி தண்ணியைக் கொட்டினது?”

அவள் கருவாட்டுக்கு வந்த காகத்தைக் கலைத்துவிட்டு வந்து இருந்தாள்.

“கன நாளைக்கு வைச்சுக் குடுப்பம் எண்டுதான் மூடியை இறுக்கிப் பூட்டி வைச்சனான். பாக்கப் பாக்க ஒரு மாதிரிக் கிடந்தது. அது ஓடின தண்ணியெல்லே. திரும்பவும் நான் அடைச்சு வைச்சிருக்கிற மாதிரி.”

“அதுக்கு உப்புக் கிணத்துக்கையோ?”

“வேறை எங்கை விடுறது? இங்கை ஓடுறதுக்கு ஒரு இடமும் இல்லையே.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. சோறும் மீன் குழம்பும் தந்தார்கள், வயிறு முட்டச் சாப்பிட்டேன். முற்றத்தில் பவுசர்த் தண்ணீர் நிரப்பிய கறுப்புத் தாங்கி இருந்தது. யாருடைய வீடு என்பது நினைவில் இருந்ததால் பைப்பைப் பாதி திறந்து, கையைக் கழுவி, என் பலம் முழுவதையும் கூட்டி இறுக்கிப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அவள் எழும்பிப் போய் அதை இன்னும் ஒரு திருகு திருகிவிட்டு வந்தாள்.